திருப்பணியும் கட்டளையும்: கொங்கு நாட்டு விலங்குப் பூங்காக்களின் செலவுக் கணக்கு

பள்ளி விடுமுறை விட்டால் காங்கேயம் பக்கத்திலிருந்து என் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, கோவைக்கு வருவார். வந்தால் வ.உ.சி. பூங்காவுக்கு ஒரு நடை கட்டாயம் உண்டு. எனக்குக் குட்டி ரயில் வேண்டும், பாம்புகளைப் பார்க்க வேண்டும். அவர் நேராக மான்கள் இருக்கும் பக்கம் போய் நின்றுகொள்வார். மாடும் ஆடும் வைத்துப் பிழைத்தவர். ஒருமுறை தீனி போட வந்த ஊழியரிடம், “ஏனுங் தம்பி, இதுக ராத்திரிக்கு எங்கீங்க படுக்கும்?” என்று கேட்டார். அந்த ஊழியர் நின்று பொறுமையாகப் பதில் சொன்னார். பதில் மறந்துவிட்டது, கேள்வி மறக்கவில்லை. விலங்குப் பூங்காவுக்கு ஒதுக்கப்படும் பணம் எங்கே போகிறது, எங்கே போக வேண்டும் என்று யோசிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது.

1965ல் தொடங்கிய அந்த விலங்குக் காட்சியைக் கோவை மாநகராட்சி நடத்தி வந்தது. 2022ல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்தது. இடம் போதவில்லை, விதிகள் கேட்கும் அளவுக்கு அங்கே வசதி செய்ய முடியாது என்பதே சாரம். அதன்பின் விலங்குகள் கொஞ்சம் கொஞ்சமாக வேறு இடங்களுக்குப் போயின. புள்ளிமான்கள் சிறுவாணி மலையடிவாரக் காட்டுக்குக் கொண்டுபோய் விடப்பட்டன. மீதமுள்ள இடத்தைப் பறவைகளுக்கான பூங்காவாக மாற்றலாம் என்ற யோசனையும் பேசப்பட்டது.

அப்போது ஊரில் இரண்டு விதமான பேச்சு காதில் விழுந்தது. ‘குழந்தைகளுக்கு இருந்த ஒரே இடத்தையும் மூடிவிட்டார்கள்’ என்பது ஒன்று. ‘கூண்டில் அடைப்பதே பாவம், மூடியது நல்லது’ என்பது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கீகாரம் போனதற்கான காரணத்தை இரண்டுமே தொடவில்லை. அதைப் புரிந்துகொள்ள ஒரு கூட்டல் கழித்தல் போதும்.

4.5 ஏக்கரின் கணக்கு

வ.உ.சி. பூங்காவின் விலங்குப் பகுதி சுமார் 4.5 ஏக்கர். சதுர மீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 18,200. இனி, உயிரியல் பூங்காக்களுக்கான 2009ஆம் ஆண்டு விதிகளின் இணைப்பில் உள்ள அளவுகளைப் பாருங்கள். திறந்தவெளி அடைப்பிடம் ஒரு ஜோடிக்குக் குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. புலி அல்லது சிங்கம் என்றால் 1,000 சதுர மீட்டர். சிறுத்தைக்கு 500. புள்ளிமானுக்கும் கடமானுக்கும் 1,500.

மான் சிறிய விலங்குதானே, அதற்கு ஏன் புலியைவிட அதிகம் என்று தோன்றும். மான் ஓடிப் பிழைக்கிற உயிர். திடீரென்று மிரண்டால் ஓட நீளம் வேண்டும், இல்லையென்றால் கம்பி வேலியில் மோதிக் கழுத்து ஒடியும். இரண்டு கலைமான்கள் மோதிக்கொண்டால் தோற்றது விலகிப் போகவும் இடம் வேண்டும். புலி பெரும்பாலான நேரம் படுத்தே கிடக்கும். அதற்கு வேண்டியது மறைவும் தண்ணீரும் நிழலும்.

சரி, 18,200ஐ 1,500ஆல் வகுத்தால் 12. அதாவது நடைபாதை, கழிப்பறை, மருத்துவமனை, தீவனக் கிடங்கு, ஊழியர் அறை, மரம் எதுவுமே இல்லாமல், முழு இடத்தையும் வேலி போட்டு அடைத்தால்கூட 12 மான் அடைப்பிடம்தான் கணக்கில் வரும். நாம் அங்கே பார்த்ததோ மான்கள், முதலைகள், பாம்புகள், குரங்குகள், நரிகள், பறவைகள் என்று நூற்றுக்கணக்கான உயிர்கள். யாரோ ஒருவர் கவனக்குறைவாக இருந்ததால் வந்த சிக்கல் இல்லை இது. அந்த இடம் 1965ன் கணக்குப்படி அமைந்தது. விதிகள் இன்னொரு காலத்தின் அறிவியலை வைத்து எழுதப்பட்டவை. நடுவில் நகரம் நான்கு பக்கமும் சூழ்ந்துவிட்டது. ஒரு பக்கம் மைதானம், ஒரு பக்கம் சாலை. எந்தப் பணத்தாலும் அங்கே ஒரு சென்ட் நிலத்தைக்கூடக் கூட்ட முடியாது.

சென்னைக்கு இதே நெருக்கடி முன்பே வந்தது. 1855ல் அருங்காட்சியக வளாகத்தில் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கிவைத்த விலங்குக் காட்சி, பிறகு சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பூங்காவுக்கு நகர்ந்தது. அங்கேயும் இடம் போதாமல் 1985ல் வண்டலூருக்குப் போனது. இன்று அது 602 ஹெக்டேர். கோவையின் 4.5 ஏக்கரைப் போல முந்நூறு மடங்குக்கும் மேல். மாநிலத் தலைநகரம், வனத்துறையின் நிலம், அரசின் முடிவு, மூன்றும் சேர்ந்ததால் அது நடந்தது. ஒரு மாநகராட்சி தன் வரிப்பணத்தை வைத்துக்கொண்டு அப்படி ஒரு நகர்வைச் செய்வது நடக்கிற காரியம் இல்லை. சாக்கடை, குடிநீர், தெருவிளக்கு, குப்பை எல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கும் அதே வரிசையில்தான் கரடியும் நிற்க வேண்டும். வரிசையில் கரடிக்கு எப்போதும் கடைசி இடம்.

சட்டம் எப்படி வந்தது

1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அது காட்டில் உள்ள விலங்குகளைப் பற்றியே அதிகம் பேசியது. கூண்டில் உள்ளவற்றுக்குத் தனி அத்தியாயம் 1991ன் திருத்தத்தில்தான் சேர்ந்தது. அதன்படி 1992ல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அமைந்தது. 38எச் பிரிவு, ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் எந்த விலங்குக் காட்சியும் நடத்தக் கூடாது என்கிறது. அதுவரை மன்னர் வைத்திருந்தது, மாவட்ட ஆட்சியர் ஆசைப்பட்டு ஆரம்பித்தது, நகராட்சிப் பூங்காவில் நாலு கூண்டு வைத்தது என்று நாடு முழுக்கக் கேட்பாரில்லாமல் கிடந்தவை ஒரே சட்டத்தின் கீழ் வந்தன. விலங்கை ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் ஆணையத்தின் அனுமதி தேவை. விலங்கைச் சீண்டுவது, தீனி போடுவது, சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வது எல்லாம் 38ஜே பிரிவின்படி குற்றம். பாப்கார்ன் பாக்கெட்டோடு குரங்குக் கூண்டின் முன் நிற்பவர்களுக்கு இது தெரிந்திருந்தால் நன்றாக இருக்கும்.

ஆணையம் அங்கீகாரம் தரும்போது ஒரு முழுத் திட்ட வரைபடம் கேட்கும். எந்த விலங்கு, எத்தனை, எந்த இடத்தில், அடுத்த இருபது ஆண்டுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று அதில் காட்ட வேண்டும். கால்நடை மருத்துவர், தனிமைப்படுத்தும் இடம், ஒவ்வொரு விலங்குக்கும் மருத்துவப் பதிவு, இறந்தால் பிரேதப் பரிசோதனை எல்லாம் கட்டாயம். வாரத்தில் ஒரு நாளாவது பார்வையாளருக்கு விடுமுறை விட வேண்டும் என்பதும் விதி. வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை போய் ஏமாந்தவர்கள் கோபப்படுவதுண்டு. அந்த ஒரு நாள்தான் விலங்குகளுக்கு மனித முகம் பார்க்காத பகல்.

பழைய கூண்டு என்ன செய்கிறது

கூண்டின் வடிவமும் ஒரு காலத்தின் கருத்துதான். ஆரம்பத்தில் விலங்குகளைப் பொருட்காட்சி போல வைத்தார்கள். வரிசையாகக் கம்பிக் கூண்டுகள், கழுவ வசதியாக சிமெண்ட் தரை. பார்க்கிறவருக்கு எல்லாப் பக்கமும் தெரிய வேண்டும், அதனால் விலங்குக்கு ஒளிய இடமே இருக்காது. 1907ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கார்ல் ஹாகன்பெக் என்பவர் கம்பிகளை எடுத்துவிட்டு அகழி வெட்டினார். நடுவில் பள்ளம், அந்தப் பக்கம் பாறையும் மரமும், அங்கே சிங்கம். உலகம் முழுக்க அந்த வழி பரவியது. நம் ஊரில் இன்றும் ‘திறந்தவெளி அடைப்பு’ என்று சொல்வது பெரும்பாலும் அதைத்தான்.

அகழியும் முடிந்த முடிவு இல்லை. தண்ணீர் நிரப்பிய அகழியில் கொசு பெருகும், குட்டிகள் தவறி விழும். உலர் அகழியில் இறங்கிய விலங்கை மேலே ஏற்ற வழி வைத்திருக்க வேண்டும். அப்புறம், அகழி வெட்டும் இடம் விலங்குக்குக் கிடைக்காத இடம். சின்னப் பூங்காவில் அகழியே பாதி நிலத்தைத் தின்றுவிடும்.

சிமெண்ட் தரையின் கெடுதலைப் பலர் கவனிப்பதில்லை. கோழி வளர்ப்பவர்களுக்குத் தெரியும், கெட்டியான தரையில் நிற்கும் பறவைக்குப் பாதத்தில் கட்டி வரும். பெரிய பறவைகளுக்கும் அதே கதைதான். யானையை வருடக்கணக்காகக் கல்தரையில் நிறுத்தினால் பாதம் வெடிக்கும், நகக்கண் அழுகும், கடைசியில் மூட்டு போகும். மண் தரையில் குளம்பும் நகமும் தானாகத் தேய்கின்றன. சிமெண்டில் ஒன்று அதிகமாகத் தேயும், இல்லை தேயாமல் வளைந்து வளரும்.

உடம்புக்கு நடப்பது இது. மனதுக்கு நடப்பதை நான் ஒரு பூங்காவில், பெயர் வேண்டாம், ஒரு நரியிடம் பார்த்தேன். கூண்டின் நீளவாட்டில் ஆறு எட்டு, திரும்பி ஆறு எட்டு. திரும்பும் இடத்தில் ஒவ்வொரு முறையும் தலையை ஒரே மாதிரி சுழற்றியது. அரை மணி நேரம் நின்றேன், அது நிற்கவில்லை. தரையில் அதன் பாதை வழவழவென்று தேய்ந்திருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் தன் குழந்தையிடம், “பாரு, நமக்கு வாக்கிங் போய்க் காட்டுது” என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இது நோய் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. செய்ய வேலை ஏதும் இல்லாத, ஒளிய இடமும் இல்லாத விலங்குக்கு வரும் நோய். யானை தலையை ஆட்டிக்கொண்டே நிற்பதும் பல நேரம் இதுதான்.

இதற்கு மருந்து அதிகச் செலவு பிடிக்காதது என்பதுதான் வருத்தம். கரடிக்குத் தீனியைத் தட்டில் வைக்காமல் மரத்துண்டில் துளை போட்டுத் தேனைத் தடவி வைத்தால் ஒரு மணி நேரம் அதற்கு வேலை இருக்கும். குரங்குக்குக் கடலையை வைக்கோலுக்குள் தூவலாம். கோடையில் பழங்களைப் பனிக்கட்டிக்குள் உறையவைத்துத் தரலாம். ஒரு பழைய மரக்கட்டை, ஒரு கயிறு, ஒரு மண் மேடு, ஏறி உட்கார ஒரு பலகை. வேண்டியது பெரிய பணம் இல்லை. தினமும் அதை யோசித்துச் செய்ய ஓர் ஊழியரும் அவருக்கு நேரமும் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பாதி

அப்பிச்சியின் கேள்விக்கு இப்போது வரலாம். ராத்திரி எங்கே படுக்கும்?

புலியோ சிங்கமோ, பகலில் நாம் பார்க்கும் புல்வெளிக்குப் பின்னால் ஒரு கட்டடம் இருக்கும். இரவு அறை. மாலையில் அங்கே இறைச்சி வைப்பார்கள், விலங்கு தானாக உள்ளே வரும், கதவு மூடும். அந்த அறைக்கும் விதி உண்டு. புலி, சிங்கத்துக்கு 2.75 மீட்டர் நீளம், 1.80 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் குறைந்தபட்சம். ஒரு நாளின் பாதிக்கு மேல் விலங்கு இருப்பது இந்த அறையில்தான். கோடையில் காற்று வராவிட்டால், வடிகால் அடைத்து ஈரம் நின்றால், கதவின் கம்பி துருப்பிடித்துக் கூராக நீட்டிக்கொண்டிருந்தால், வெளியே எவ்வளவு அழகான புல்வெளி இருந்தும் பயனில்லை.

அதைச் சுற்றி இன்னும் பல. ஊசி போடுவதற்காக விலங்கை மெதுவாக நெருக்கிப் பிடிக்கும் நெருக்குக் கூண்டு. அது இல்லாவிட்டால் ஒரு சின்ன ஊசிக்குக்கூட மயக்க மருந்து கொடுக்க வேண்டும், வயதான விலங்குக்கு மயக்க மருந்தே ஆபத்து. புதிதாக வரும் விலங்கைத் தனியே வைத்துப் பார்க்கும் இடம். இறைச்சி வெட்டும் அறை, குளிர்பதனப் பெட்டி, பசுந்தீவனம் கழுவும் தொட்டி. வெறிநோய் தடுப்பூசி, குடற்புழு மருந்து. ஊழியர்களுக்கே காசநோய்ப் பரிசோதனை, ஏனென்றால் காசநோய் மனிதரிடமிருந்து யானைக்குத் தொற்றும்.

2021 ஜூனில் வண்டலூரில் சிங்கங்களுக்குக் கொரோனா வந்தபோது இது எவ்வளவு முக்கியம் என்று ஊருக்கே தெரிந்தது. நீலா என்ற பெண் சிங்கம் இறந்துபோனது. தொற்றிய விலங்கைத் தனியே பிரித்து வைக்க முடிகிறதா, ஒரே ஊழியர் இரண்டு பக்கமும் போகாமல் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்களா என்பதுதான் அந்த நேரத்தில் உயிர் காக்கும் விஷயம். பார்வையாளர் யாரும் பார்க்காத கட்டடங்கள் அவை.

ஆனால் ‘பூங்கா மேம்பாட்டுப் பணி’ என்ற அறிவிப்புகளைப் படித்துப் பாருங்கள். நுழைவு வளைவு, பேவர் பிளாக் நடைபாதை, செயற்கை நீரூற்று, செல்ஃபி எடுக்கும் இடம், பேட்டரி வண்டி. மக்களுக்கு அவையும் வேண்டும், மறுக்கவில்லை. முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் பேட்டரி வண்டி இல்லாமல் பெரிய பூங்காவைச் சுற்ற முடியாது. என் ஆதங்கம் முறையைப் பற்றியது. மாடு வாங்குபவர் முதலில் கட்டுத்தரையைச் சரி செய்வார், அப்புறம்தான் வாசலுக்கு வெள்ளையடிப்பார்.

திருப்பணியும் கட்டளையும்

கோயில் விஷயத்தில் நம் ஆட்களுக்கு ஒரு வித்தியாசம் நன்றாகத் தெரியும். கோபுரம் எழுப்ப, கல் பதிக்க, குடமுழுக்கு நடத்தத் தருவது திருப்பணி. தினமும் விளக்கெரிய எண்ணெய், படைக்க அரிசி, பூசைக்குப் பூ இவற்றுக்காக நிலத்தையோ பணத்தையோ எழுதிவைப்பது கட்டளை. திருப்பணிக்கு ஒருமுறை கொடுத்தால் கல்வெட்டில் பெயர் வரும். கட்டளை வருடாவருடம் நடக்க வேண்டும். கோயிலை உயிரோடு வைத்திருப்பது கட்டளைதான்.

விலங்குப் பூங்காக்களுக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி திருப்பணி வகை. கட்டளை குறைவு. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான்.

ஒரு புலியை எடுத்துக்கொள்வோம். வளர்ந்த புலிக்கு நாளைக்கு ஏறக்குறைய 10 கிலோ இறைச்சி. வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடுவார்கள், காட்டிலும் அது தினமும் சாப்பிடுவதில்லை. ஆக வாரம் 60 கிலோ, ஆண்டுக்கு மூன்று டன். பாதுகாப்பில் உள்ள புலி 15 ஆண்டுக்கு மேல் வாழும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20ஐயும் எட்டும். ஒரே ஒரு புலியைக் கொண்டுவந்து ரிப்பன் வெட்டும் நாளில் நாம் 45 டன் இறைச்சிக்குக் கையெழுத்துப் போடுகிறோம். கடைசி ஐந்து வருடங்களில் அதற்கு மூட்டுவலி வரும், சிறுநீரகம் கெடும், பல் உடையும், கண்புரை விழும். எலும்போடு தின்ற விலங்குக்குக் கொத்திய இறைச்சி தர வேண்டியிருக்கும். காட்டில் அவ்வளவு வயது வாழாத விலங்கை நாம் வாழவைக்கிறோம், அந்த முதுமையும் நம் பொறுப்பு.

இந்தப் பணம் எங்கிருந்து வரும்? நுழைவுக் கட்டணம் ஒரு வழி. அதைப் பொது நிதியில் சேர்த்துவிட்டால் பூங்காவுக்குத் திரும்பி வர வருடமாகும். அதனால்தான் தமிழ்நாடு உயிரியல் பூங்கா ஆணையம் என்ற தனி அமைப்பின் வழியே வண்டலூரின் வரவு பூங்காவுக்கே செலவாகும்படி செய்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் நுழைவுக் கட்டணத்தை மட்டும் நம்பவும் முடியாது. கொரோனாவில் கதவை மூடினார்கள், வரவு நின்றது. சிங்கத்தின் பசி நிற்கவில்லை.

அடுத்தது தத்தெடுப்பு. வண்டலூரில் ஒரு விலங்கின் தீனிச் செலவை ஒரு நாளுக்கோ, மாதத்துக்கோ, ஆண்டுக்கோ ஏற்றுக்கொள்ளலாம், வருமான வரிச் சலுகையும் உண்டு. எனக்குத் தெரிந்து கட்டளைக்கு மிக அருகில் வருவது இதுதான். இதிலும் ஒரு சிக்கல். யானை, வெள்ளைப்புலி, சிங்கம் இவற்றுக்கு ஆள் கிடைப்பார்கள். நரிக்கும் மரநாய்க்கும் ஆந்தைக்கும் கிடைப்பது கஷ்டம். விலங்கின் பெயரில் வாங்காமல் பூங்காவின் மொத்தத் தீனிக் கணக்குக்கு என்று வாங்கினால் இந்த ஓரவஞ்சனை குறையும்.

மூன்றாவது, கொங்கு நாட்டுக்கு நேரடியாகப் பொருந்துவது, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி நிகர லாபம் 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். செலவிடத் தகுந்த பணிகளின் பட்டியலில் வன உயிர்ப் பாதுகாப்பும் விலங்கு நலமும் இருக்கின்றன. கோவையில் பம்ப்செட்டும் நூற்பாலையும், திருப்பூரில் பின்னலாடையும், கரூரில் வீட்டு உபயோகத் துணியும், நாமக்கல்லில் கோழியும் லாரியும். அந்த 5 கோடி வரம்பைத் தாண்டும் நிறுவனங்களுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் இந்த நிதியும் திருப்பணியின் பக்கமே சாய்கிறது. ஒரு அமைப்பின் மூலதன வைப்புக்கு இதைத் தர முடியாது, தொடர் பணி என்றாலும் தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டுதான். அதாவது வங்கியில் போட்டு வட்டியில் புலிக்குச் சோறு போடும் வழியை விதியே அடைத்துவைத்திருக்கிறது. ஆகவே பூங்கா நிர்வாகம் இதைப் புத்திசாலித்தனமாகப் பிரிக்க வேண்டும். எக்ஸ்ரே கருவி, குளிர்பதன அறை, சூரிய மின்தகடு, சொட்டுநீர் அமைப்பு என்று நாளைய அன்றாடச் செலவைக் குறைக்கும் பொருட்களை நிறுவனங்களிடம் கேட்க வேண்டும். தீனிக்கும் சம்பளத்துக்கும் அரசின் ஒதுக்கீடும் நுழைவுக் கட்டணமும்.

மலையில் நடப்பது

இந்த விஷயத்தில் எனக்கு நம்பிக்கை தந்த ஓர் அறிவிப்பு 2023 மார்ச்சில் வந்தது. கோவை சாடிவயலில் யானைகள் முகாமுக்கு 8 கோடி ரூபாய், டாப்சிலிப் பக்கம் கோழிகமுத்தி முகாமை மேம்படுத்த 5 கோடி என்று முதல்வர் அறிவித்தார். அதோடு, தெப்பக்காடு, கோழிகமுத்தி இரண்டு முகாம்களிலும் யானைகளைப் பார்த்துக்கொள்ளும் 91 பாகன்களுக்கும் காவடி எனப்படும் உதவிப் பாகன்களுக்கும் வீடு கட்ட 9.10 கோடி. விலங்கைப் பராமரிப்பவரின் வீட்டைப் பராமரிப்புச் செலவாகப் பார்த்தது முக்கியமான விஷயம். கோழிகமுத்தியில் அந்த வேலையைத் தலைமுறைகளாகச் செய்பவர்கள் மலசர் மக்கள். யானையின் சாணத்தைப் பார்த்தே நோயைச் சொல்லும் அறிவு அவர்களுடையது. அவர்களின் கூரை ஒழுகினால் அந்த அறிவு அடுத்த தலைமுறைக்குப் போகாது. பையன் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விடுவான்.

அதே மாதம்தான் கோழிகமுத்தியின் கலீம் என்ற கும்கி, காட்டு யானைகளைப் பிடிக்கவும் விரட்டவும் பழக்கிய யானை, 60 வயதில் பணி ஓய்வு பெற்றது. வனத்துறையினர் வரிசையாக நின்று மரியாதை செலுத்தினார்கள். ஓய்வு பெற்ற யானைக்கும் தினமும் 150 கிலோவுக்குக் குறையாமல் தீவனம் வேண்டும், கொள்ளும் ராகியும் வெல்லமும் உப்பும் சேர்த்த உருண்டை வேண்டும். முகாம் யானைகள் காலையும் மாலையும் காட்டுக்குள் மேய்வதால் இந்தச் செலவில் ஒரு பங்கைக் காடே ஏற்கிறது. பூங்காவில் யானை வைப்பதற்கும் முகாமில் வைப்பதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது. 2009ல் மத்திய ஆணையம் உயிரியல் பூங்காக்களிலும் சர்க்கஸ்களிலும் இருந்த யானைகளைக் காட்டு முகாம்களுக்கு மாற்றச் சொன்னதற்கும் இடப்பற்றாக்குறைதான் காரணம்.

வால்பாறையில் 2021 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத்தில் மெலிந்துபோய்க் கிடைத்த புலிக்குட்டியின் கதையும் இங்கே பொருந்தும். அதைக் கூண்டிலேயே வைத்துவிடாமல் வேட்டையாடப் பழக்கலாம் என்று ஆனைமலை புலிகள் காப்பகத்தின் மானாம்பள்ளி வனச்சரகத்தில் 10,000 சதுர அடியில் அடைப்பிடம் ஒன்றைச் சுமார் 75 லட்சம் ரூபாயில் அமைத்தார்கள். ஒரே ஒரு புலிக்கு. செலவு அதிகம் என்று அப்போது சிலர் சொன்னார்கள். 10,000 சதுர அடி என்பது 930 சதுர மீட்டர்தான். ஒரு ஜோடிக்கு விதி சொல்லும் குறைந்தபட்ச அளவுக்கே கொஞ்சம் குறைவு. ஒரு புலியைச் சரியாக வைத்திருக்க என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நேரான பதில் கிடைக்காது.

கொறங்காட்டுப் பாடம்

அப்பிச்சியின் ஊர்ப்பக்கம் கொறங்காடு உண்டு. காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் என்று மழை குறைந்த பகுதி முழுக்க இருக்கும் மேய்ச்சல் நிலம் அது. கிளுவை முள்ளால் உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல மரம். காங்கேயம் மாடுகளும் செம்மறிகளும் அதில் மேயும். ஒரு காட்டில் புல் தீர்ந்தால் அடுத்ததற்கு ஓட்டிவிட்டு முதல் காட்டை ஓயவிடுவார்கள்.

மான் அடைப்பிடத்துக்கு இதைவிடப் பொருத்தமான மாதிரியை எந்த நாட்டிலிருந்து கொண்டுவர முடியும்? நம் வெயிலைத் தாங்கும் புல், நம் மண்ணில் வரும் மரம், மான் மோதினாலும் கழுத்தை ஒடிக்காத வேலி. வெளிப்பக்கம் பாதுகாப்புக்குக் கம்பி வலை இருக்கட்டும், உள்பக்கம் கிளுவை இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஓய்வு முறை. ஒரே நிலத்தில் வருடம் முழுக்க மான்களை விட்டால் புல் வேரோடு போகும், மண் இறுகும், குடற்புழு முட்டைகள் மண்ணில் பெருகும். அடைப்பிடத்தை இரண்டாகத் தடுத்து மாற்றி மாற்றி விட்டால் பசுந்தீவனச் செலவும் குறையும், புழு மருந்தும் குறையும்.

சேலத்தை ஒட்டி, சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் இதைச் செய்து பார்க்கலாம். 1981ல் சின்னதாகத் தொடங்கியது, வனத்துறையின் கையில் இருக்கிறது, இப்போது 30 ஹெக்டேருக்கு மேல் விரிந்திருக்கிறது. கோவைக்கு இல்லாதுபோன நிலம் அதற்கு வாய்த்திருக்கிறது. விரிந்த இடத்தில் புலியும் சிங்கமும் வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும், கூட்டம் அதற்குத்தான் சேரும். என்னைக் கேட்டால் முதலில் மருத்துவமனையும் இரவு அறைகளும் தீவனத் தோட்டமும். அப்புறம் நம் மண்ணின் விலங்குகள். வெளிமான், நரி, மரநாய், தேவாங்கு, எறும்புதின்னி என்று எத்தனையோ உயிர்கள் கொங்கு நாட்டுக் கரட்டிலும் காட்டிலும் இருக்கின்றன, நம் குழந்தைகள் பலர் அவற்றைக் கண்ணால் பார்த்ததில்லை. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் துள்ளும் வெளிமானைத் தெரியாத ஈரோட்டுப் பிள்ளைக்கு ஆப்பிரிக்கச் சிங்கத்தைத் தெரிந்திருக்கிறது.

கடைசியாக அமராவதி. உடுமலையிலிருந்து அணைக்குப் போகும் வழியில் உள்ள முதலைப் பண்ணையைப் பார்க்காத சுற்றுலாக்காரர் குறைவு. 1970களின் நடுவில், முதலைகள் அழிந்துவிடும் என்ற அச்சம் நாடு முழுக்க இருந்தபோது ஆரம்பித்தது. அணையைச் சுற்றிய கரைகளில் சதுப்புநில முதலைகள் இட்ட முட்டைகளைச் சேகரித்து வந்து பொரிக்க வைத்தார்கள். ஒரு தாய் 25, 30 முட்டை இடும். காட்டில் அதில் பெரும்பாலானவை உடும்புக்கும் நரிக்கும் போய்விடும், பண்ணையில் பிழைத்துக்கொள்ளும். அந்த முயற்சி ஜெயித்தது. ஜெயித்ததால் வந்த சிக்கல் இடம். பெரியது சின்னதைக் கடிக்கும் என்பதால் அளவு வாரியாகத் தனித்தனித் தொட்டி வேண்டும். வெயில் காய மணல் திட்டு, முழுகிக் கிடக்க ஆழம், அழுக்கு சேராமல் மாற்றத் தண்ணீர், முட்டையிட மண். சிமெண்ட் தொட்டியில் அடிவயிறு உராய்ந்து புண்ணாகும், தண்ணீர் கெட்டால் அந்தப் புண் ஆறாது.

பார்க்க வருபவர் பத்து நிமிடம் நிற்பார். ஒன்றும் அசையவில்லையே என்று கல்லெறிய நினைப்பவரும் உண்டு. அந்த விலங்கு 40 ஆண்டுக்கு மேல் வாழக்கூடியது. இந்த வருடம் பொரிந்த குட்டிக்கு இன்று கட்டும் தொட்டியின் வடிகாலை 2060லும் ஒருவர் இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும், அவருக்கு அந்த மாதச் சம்பளம் வந்திருக்க வேண்டும்.